மார்செல்லாவின் மூக்கு

மார்செல்லா ஃபுஸ்கோவை மூன்று நாள் விடுமுறைக்கு ஒயின் ஊருக்கு அழைத்துப் போனதே அவளை அடுப்படியிலிருந்து இறக்கத்தான். அதை யூட்டிகாவில், சொந்த உணவகத்திலேயே சொல்லியிருக்கலாம். அவள் தம்பி ஆல்டோவுக்கு அந்தத் தைரியம் இல்லை. கத்திகள் எல்லாம் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடம் அது. அதனால் செனகா ஏரிக்கரையில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் கூட்டி வந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல கறியாக வாங்கிச் சுட்டுப் போட்டு, அவள் இரண்டாவது துண்டை வாயில் வைத்த நேரம் பார்த்துச் சொன்னான்.

திங்கட்கிழமை முதல் புதுச் சமையல்காரன் வருகிறான். சிரக்யூஸில் பெரிய ஓட்டலில் இருந்தவன். மார்செல்லா இனிமேல் வாசலில் நின்று, வருகிறவர்களைச் சிரித்த முகமாக வரவேற்று, மேசை காட்டினால் போதும்.

"உனக்கும் அம்பத்தெட்டு ஆச்சு. காலெல்லாம் வலிக்குதுன்னு நீயேதான் சொல்ற," என்றான் ஆல்டோ.

"கால் வலிக்கிறவள வாசல்ல நிக்க வைக்கிறியே, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

ஆல்டோ மனைவி பெவர்லியைப் பார்த்தான். அவள் தட்டில் இருந்த பீன்ஸை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"சரி, கால் இல்ல. மூக்கு," என்றான்.

விஷயம் அதுதான். போன வருடம் ஜனவரியில் வந்த காய்ச்சல் மார்செல்லாவின் மோப்பத்தை முழுசாகக் கொண்டுபோய்விட்டது. முப்பத்தொரு வருடமாக அடுப்பில் நிற்கிறவளுக்குப் பூண்டும் ஒன்றுதான், பழைய சாக்ஸும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நேரத்தை வைத்தும் நிறத்தை வைத்தும் கை பழக்கத்தை வைத்தும் சமைத்தாள். யூட்டிகாவில் எந்த உணவகத்துக்குப் போனாலும் கசப்புக் கீரை கிடைக்கும். காரமிளகாயும் உப்புக்கறியும் சீஸும் ரொட்டித் தூளும் போட்டு வறுத்தது. ஃபுஸ்கோ வீட்டுக் கீரைக்காகப் பக்கத்து மாவட்டத்திலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தக் கீரை இரண்டு தடவை உப்புக் கரித்து, சமையலறைக்கே திரும்பி வந்தது.

அதைக்கூட மறந்திருப்பார்கள். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கேஸ் நாற்றம் அடிக்கிறது என்று கத்தினாள் மார்செல்லா. கோட்டுகூட எடுக்க விடாமல் அத்தனை பேரையும் பனியில் நிறுத்தினாள். தீயணைப்பு வண்டி வந்து தேடியது. கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. இல்லாத வாடையை மூக்கு தானாகவே உண்டாக்கிக்கொள்ளும், இந்த மாதிரிக் காய்ச்சலுக்குப் பிறகு அப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டர். ஊர் சிரித்தது. இப்போதும் சிலர் உள்ளே வரும்போதே "இன்னைக்குக் கோட்டோட உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

இந்த ஆகஸ்டில் மூக்கு திரும்பி வந்தது. ஒரு காலையில் பூண்டை நசுக்கினாள், அதன் வாடை வந்தது, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கே முழு நம்பிக்கை இல்லை. தினமும் எழுந்ததும் காபி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் கட்டிலிலிருந்து இறங்கும் தெம்பு வரும்.

"மூக்கு வந்துடுச்சுன்னு ரெண்டு மாசமா சொல்றேன்," என்றாள்.

"கேஸ் அடிக்குதுன்னும்தான் சொன்ன," என்றான் ஆல்டோ.

மார்செல்லா முள்கரண்டியைக் கறியில் குத்தினாள். கறியை முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கோபம் வந்தால் சாப்பாட்டை விட்டு எழுகிற பரம்பரை இல்லை அவர்களுடையது.

சனிக்கிழமை காலை மூவரும் ஒயின் பண்ணைகளுக்குக் கிளம்பினார்கள். பெவர்லி குடிக்க மாட்டாள். அதனால் வருடா வருடம் வண்டி ஓட்டுவது அவள் வேலை. அக்டோபர் என்பதால் சாலை முழுக்க வெளியூர்க் கார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கூத்தடிக்க வந்த மணப்பெண் தோழிகள் ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு வேனுக்கும் பண்ணைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பண்ணையில் ருசி பார்க்க ஐந்து ஒயின். எந்த ஒயினில் என்ன வாசம் வரும் என்று எழுதிய அட்டையை ஆல்டோ முதலில் படிப்பான், அப்புறம்தான் முகர்வான். அட்டையில் பீச் என்று போட்டிருந்தால் அவனுக்குப் பீச் வரும், தேன் என்று போட்டிருந்தால் தேன் வரும். மார்செல்லா அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கண்ணை மூடி முகர்ந்து, வாயில் சுழற்றி, துப்புவதற்கென்றே வைத்திருந்த வாளியில் துப்பினாள். எலுமிச்சைத் தோல். பச்சை ஆப்பிள். மழை விழுந்த கல். பெவர்லியிடம் அட்டையைக் கொடுத்து மெதுவாகக் கேட்டாள்:

"என்ன போட்டிருக்கு?"

"எலுமிச்சை, ஆப்பிள். மூணாவது ஏதோ கல்லுன்னு போட்டிருக்கு. கல்ல யாரு நக்கிப் பாத்தாங்களோ."

மார்செல்லாவுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. இரண்டாவது பண்ணையில் சீஸும் புகை போட்ட மீனும் கொடுத்தார்கள். அங்கேயும் எதையும் தவறவிடவில்லை. நேற்று இரவு தூங்காமல் புரண்டவளுக்கு நிமிர்ந்து நடக்கத் தோன்றியது.

மூன்றாவது, ரூடி ஹெர்ஸ்லரின் பண்ணை. இங்கே அவர்கள் வாடிக்கைக்காரர்கள் இல்லை, வீட்டு மனிதர்கள். ஃபுஸ்கோ உணவகத்தில் மேசைக்கு வரும் சாதாரண ஒயின், வெள்ளையும் சிவப்பும், பத்து வருடமாக ரூடியுடையதுதான். ரூடி அறுபது கடந்தவர், அகலமான மனிதர், ஊதா படிந்த விரல்கள். வேண்டப்பட்டவர்களை மேலே கூட்டத்தோடு நிறுத்த மாட்டார். கீழே நிலவறைக்குக் கூட்டிப் போய், தொட்டிகளுக்கு நடுவே மேசை போட்டு, உப்பில் வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கும் வெண்ணெயும் தொத்திறைச்சியும் திராட்சைப் பணியாரமும் வைத்துத் தன் கையாலேயே ஊற்றுவார்.

"வா வா, ஆல்டோ! இந்த வருஷம் இன்னும் ரெண்டு சுத்து பெருத்திருக்க. அக்காவையும் கூட்டிட்டு வந்துட்டியா, நல்லது!"

படியில் பாதி இறங்கியதுமே மார்செல்லாவை அது அடித்தது. ஈரமான அட்டைப்பெட்டி. மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறி, பூசணம் பூத்து, மூலையில் கிடக்கிற அட்டைப்பெட்டி.

அவள் படியிலேயே நின்றாள். வந்துவிட்டது, மறுபடியும் வந்துவிட்டது என்று நினைத்தாள். அந்தக் கேஸ் வாடை மாதிரியே இதுவும் இல்லாத ஒன்று. காலையிலிருந்து வந்த எலுமிச்சையும் ஆப்பிளும்கூடப் பொய்யோ?

திரும்பிப் படியேறி வெளியே போனாள். இலை வாசம், ஏரிக் காற்று, பிழிந்து கொட்டிய திராட்சைத் தோலின் புளிப்பு. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மறுபடி இறங்கினாள். பாதிப் படியில் அட்டைப்பெட்டி. ஏறினாள். இல்லை. இறங்கினாள். இருந்தது.

"பாத்ரூம் மேல வலது பக்கம்," என்று கீழேயிருந்து ஆல்டோ கத்தினான்.

கேஸ் வாடை அப்படி இருந்ததில்லை. அது அவள் போன இடத்துக்கெல்லாம் கூடவே வந்தது. தெருவுக்கும் வந்தது, படுக்கைக்கும் வந்தது. இது இந்தக் கதவுக்குள்ளேயே நிற்கிறது. மார்செல்லா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தாள். அப்புறம் இறங்கிப் போய் உட்கார்ந்தாள்.

ரூடியின் மகள் க்ரெட்டா கிளாஸ்களை வைத்தாள். ரூடி ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை ஊற்றினார். ஆல்டோ சுழற்றினான், முகர்ந்தான், ஒரு வாய் விழுங்கினான். இங்கே படிக்க அட்டை இல்லை.

"சுவாரசியமா இருக்கு," என்றான்.

ஒயின் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஒயின் ஊருக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கையால் ஊற்றியதைக் குடித்து, அது பிடிக்கவில்லை என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும். அப்புறம் அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது வாளியில் ஊற்றிவிட வேண்டும். யாரும் யாருடைய மனத்தையும் நோகடிப்பதில்லை. வருடம் முழுக்க ரூடியின் நிலவறைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மார்செல்லா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். அதே அட்டைப்பெட்டி. கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இது கெட்டுப்போயிருக்கு."

ரூடி பாட்டிலைக் கீழே வைத்தார்.

"என்ன?" என்றார் ரூடி.

"ஈர அட்டை வாடை அடிக்குது. தக்கை கெட்டுப்போன பாட்டில்ல வருமே, அது."

ரூடி கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் மோசம். பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்துக் கழுத்தைக் காட்டினார். திருகு மூடி.

"இதுல தக்கையே கிடையாதே, மேடம். இல்லாத தக்கை எப்படிக் கெடும்?"

ஆல்டோவின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்துவிட்டது. "ரூடி, மன்னிச்சுக்கோ. இவளுக்குக் காய்ச்சல் வந்ததிலேருந்து இப்படித்தான். டிசம்பர்ல என்ன நடந்துச்சு தெரியுமா..." என்று கேஸ் கதையை ஆரம்பித்தான். நாற்பது பேர், பனி, தீயணைப்பு வண்டி, ஒன்றையும் விடவில்லை. ரூடி மரியாதைக்காகச் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

மார்செல்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொந்தத் தம்பி, அதுவும் வேற்று ஆளிடம். தான் இந்த ஒயினைப் பற்றி இப்போது ஒரு வார்த்தை பின்வாங்கினால் திங்கட்கிழமை முடிந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் சாகும் வரை வாசலில் நின்று பல்லைக் காட்ட வேண்டியதுதான்.

"கதை முடிஞ்சுதா?" என்றாள். "ரூடி, இன்னொரு பாட்டில் திறங்க."

"மார்செல்லா, போதும்," என்றான் ஆல்டோ. "தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லு, விட்டுடலாம்."

"தெரிஞ்சுதான் சொன்னேன். திறங்க ரூடி."

திறந்தார். அதே வாடை. சிவப்பைத் திறந்தார். அதிலும் அதே. ஒவ்வொன்றுக்கும் மார்செல்லா தலையை ஆட்டி அட்டை, அட்டை என்றாள். ரூடியின் சிரிப்பு இப்போது போய்விட்டிருந்தது.

"நாப்பது வருஷமா ஒயின் போடறேன். என் ஒயின் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க என் மேசையில உக்காந்துகிட்டு..."

"எனக்கும் முப்பத்தொரு வருஷம். சண்டை எதுக்கு? க்ரெட்டா, மேல சமையலறையில சாப்பாட்டுக்கு மேல ஒட்டி மூடுவீங்களே, மெல்லிசா பிளாஸ்டிக் தாள், அது இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"கொண்டு வாம்மா."

க்ரெட்டா அப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே படியேறிப் போனாள். தாளோடு வந்தாள். மார்செல்லா ஒரு முழம் கிழித்துக் கசக்கி, ஒரு குடுவையில் ரீஸ்லிங்கை ஊற்றி, அதை உள்ளே அமுக்கினாள்.

"என் ஒயினுக்குள்ள பிளாஸ்டிக்கா!" ரூடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஒயின் விக்க வர்ற ஒருத்தன் எனக்குக் காட்டிக் கொடுத்தது. அந்த வாடை இதுல போய் ஒட்டிக்கும். கால் மணி நேரம். இதுல ஒண்ணும் மாறலைன்னா, ஆல்டோ, திங்கக்கிழமை நானே அந்தப் பையனுக்கு என் ஏப்ரனைக் கட்டி விடறேன். வாசல்ல நின்னு பாட்டும் பாடறேன்."

"மாறினா?" என்றாள் பெவர்லி.

"அதை அப்புறம் சொல்றேன்."

கால் மணி நேரத்தை ரூடி கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு ஆறியது. மார்செல்லா மட்டும் வெண்ணெய் தொட்டு ஐந்தாறு சாப்பிட்டாள்.

பெவர்லிதான் அப்புறம் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருடமாக இவர்களுக்கு நடுவில் பீன்ஸை நகர்த்திக்கொண்டிருந்த பெண், மூன்று கிளாஸை எடுத்தாள். ஒன்றின் அடியில் உதட்டுச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்தாள். அதில் குடுவை ஒயின், மற்ற இரண்டில் பாட்டிலிலிருந்து நேராக. எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று இடம் மாற்றி மாற்றி வைத்துவிட்டு விலகினாள்.

"ம். பாருங்க."

மார்செல்லா முதல் கிளாஸை முகர்ந்தாள். அட்டை. இரண்டாவது. அதில் ஒன்றுமே வரவில்லை. மூச்சை வெளியே விட்டு, மறுபடி இழுத்தாள். எலுமிச்சைத் தோல் வந்தது, பின்னாலேயே பீச்சும் வந்தது, காலையில் பார்த்த எந்த ஒயினைவிடவும் நன்றாக. ரூடி நல்ல ஒயின்தான் போட்டிருக்கிறார், அது அட்டைக்கு அடியில் புதைந்து கிடந்தது. மூன்றாவதை எடுக்கவே இல்லை.

"நடுவுல இருக்கறது."

பெவர்லி தூக்கிப் பார்த்தாள். புள்ளி இருந்தது.

"மூணுல ஒண்ணுதானே, குருட்டு அதிர்ஷ்டம்," என்றான் ஆல்டோ.

பெவர்லி மறுபடி மாற்றி வைத்தாள். மார்செல்லா மறுபடி சரியாக எடுத்தாள். மூன்றாவது முறையும். நான்காவது முறைக்கு மார்செல்லா எழுந்து நின்றுகொண்டு, "இப்ப நீ வாடா," என்றாள்.

ஆல்டோ முகர்ந்தான். முகம் சுளித்தது. மாறி மாறி முகர்ந்தான். அவனுக்கு அட்டையைப் படிக்காமல் எதுவும் வராது என்று அவள் நினைத்திருந்தாள், தப்பு. அவனும் ஃபுஸ்கோ வீட்டில் வளர்ந்தவன்தான்.

"இதுல எலுமிச்சை வருது," என்றான் மெதுவாக. "மத்த ரெண்டும்... செத்துப் போயிருக்கு."

க்ரெட்டா முகர்ந்தாள். அவளும் அதையே எடுத்தாள். எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

ரூடி உட்கார்ந்தார். மூன்று கிளாஸையும் அருகே இழுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக, நாற்பது வருடம் செய்த மாதிரியே, சாய்த்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டார். வெகு நேரம் எடுத்தார்.

"மூணும் ஒண்ணுதானே," என்றார்.

பெவர்லி மாற்றி வைத்தாள். அவர் மறுபடி முகர்ந்தார்.

"மூணும் ஒண்ணுதான்." குரல் இறங்கியிருந்தது.

"அப்பா," என்றாள் க்ரெட்டா. "ஜூன்ல இத்தாக்கா ஓட்டல்காரங்க ஒயின் பெட்டியத் திருப்பி அனுப்பினாங்களே. வெயில்ல வச்சிருப்பாங்கன்னு சொன்னீங்க. போன நவம்பர்ல தண்ணி உள்ள வந்தப்போ, ஆள் வச்சுக் கழுவினோமே. அவங்க பிளீச் போட்டாங்களான்னு யாராவது கேட்டோமா?"

ரூடி சுற்றிலும் பார்த்தார். சுவர் ஓரம் அடுக்கியிருந்த பழைய மரப்பலகைகள், மர அலமாரிகள், உத்தரம். ஈர மரத்தில் பிளீச் பட்டால் கெட்ட தக்கையில் வரும் அதே வாடை பிறந்து, காற்றோடு தொட்டி ஒயினிலும் ஏறிவிடும் என்று எந்த ஒயின்காரனுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "நான் ஆஸ்பத்திரியில இருந்தேன் அந்த வாரம். கேக்கல," என்றார். "தினம் காலைல ஆறு மணிக்கு இங்க இறங்கறேன். ஒரு நாள்கூட எனக்கு ஒண்ணும்..."

மார்செல்லா தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஏப்ரல்ல இவரோட புது ஒயின் வந்ததிலேருந்து கிளாஸெல்லாம் பாதியோட திரும்பி வருது. தட்டும்தான். கிளாஸ் நேரா கழுவப் போயிடும், நான் முகர்ந்ததில்ல. இந்த ஒயின ஒரு வாய் குடிச்சுட்டு எதைச் சாப்பிட்டாலும் சப்புன்னுதான் இருக்கும். நீ என் கீரையக் குத்தம் சொன்ன. அத்தனை பேர் முன்னாடி சொன்ன."

"அப்ப உனக்கு மூக்கு இல்லையே," என்றான் ஆல்டோ. ஆனால் குரலில் தெம்பு இல்லை.

"இல்லதான். இப்ப இருக்கு."

க்ரெட்டா அப்பாவின் தோளில் கை வைத்தாள். நல்ல பெண், மனம் நொந்துதான் சொன்னாள். "பரவாயில்லப்பா. கீழ எல்லாத்தையும் இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க மேல வந்து, வர்றவங்களுக்கு ஊத்திக் கொடுத்துகிட்டு, பேசிகிட்டு இருங்க. உங்களப் பாக்கத்தானே பாதிப் பேர் வர்றாங்க."

"அதான் சரி, ரூடி," என்றான் ஆல்டோ. "எத்தனை நாளைக்குத்தான் இந்தக் குளிர்ல..."

மார்செல்லா மேசையை ஓங்கி அறைந்தாள். ஒரு கிளாஸ் கவிழ்ந்து உருண்டது.

"வாய மூடுங்க ரெண்டு பேரும்! ஒருத்தருக்கு ஒரு வாடை தெரியலைன்னா உடனே அவரக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்திடுவீங்களா? இவருக்கு மூக்கு போகல, பழகிப் போச்சு. இதுக்குள்ளயே கிடக்கிறார், எப்படித் தெரியும்? நீங்க எல்லாம் ஒரு வருஷமா கிளாஸைக் கையில வச்சுகிட்டு நல்லா இருக்கு, சுவாரசியமா இருக்குன்னு சொன்னீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் நேராச் சொல்லியிருந்தா இவர் எப்பவோ சுத்தம் பண்ணியிருப்பார்." மூச்சு வாங்கியது. "ரூடி, ரெண்டு வாரம் எங்கயாவது போங்க. உங்க அக்கா வீடு, தங்கச்சி வீடு, எங்கயாவது. திரும்பி வந்து அந்தப் படியில இறங்குங்க. முத மூச்சுலயே தெரியும். அப்ப இந்த மரத்தையெல்லாம் வெளிய எறிங்க. நீங்களே எறிங்க. வேற யாரும் தொடக் கூடாது."

ரூடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலைன்னா?"

"எனக்குப் பத்தொம்பது மாசம் ஆச்சு."

"அது வரைக்கும் என்ன பண்ணீங்க?"

"சமைச்சேன். சில நாள் கேவலமாச் சமைச்சேன்." பெவர்லியைப் பார்த்தாள். "இவளக் கூப்பிட்டு, கொஞ்சம் ருசி பாரும்மான்னு கேட்டிருக்கலாம். வெக்கப்பட்டுகிட்டுக் கேக்கல. அதுதான் நான் பண்ண தப்பு. மூக்கு போனது என் தப்பு இல்ல."

பெவர்லியின் கண் கலங்கிவிட்டது. ரூடி எழுந்தார். மேசை மேலிருந்த மூன்று பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாகத் தரைச் சாக்கடையில் கவிழ்த்தார். க்ரெட்டா உதவிக்குப் போனாள். "நான் ஊத்தறேன்," என்றார். அவள் நின்றுவிட்டாள்.

மூவரும் வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் மணப்பெண் தோழிகளில் ஒருத்தி புல்லில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆல்டோ கார் கதவைத் திறக்காமல் சாய்ந்து நின்றான்.

"மாறினா என்னன்னு சொல்லவே இல்லையே நீ," என்றான்.

"அந்தப் புதுச் சமையல்காரனுக்குப் போன் போடு. இப்பவே. என் எதிர்ல."

"மார்செல்லா, அவன் அங்க வேலைய விட்டுட்டான். இப்பப் போய் வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"யாரு வேண்டாம்னு சொன்னா? வரட்டும். என் பக்கத்துல நிக்கட்டும். நான் இறக்குற ஒவ்வொரு சட்டியையும் அவன் ருசி பாக்கணும், அவன் இறக்குறத நான் பாக்கணும். உப்பு ஜாஸ்தின்னா என் முகத்துக்கு நேரா சொல்லணும். ஆனா அடுப்பு என்னோடது. அதை நீ உன் வாயால அவன்கிட்ட சொல்லு."

ஆல்டோ பெவர்லியைப் பார்த்தான். அவள் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு," என்றாள். "சொல்ற வரைக்கும் நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

ஆல்டோ போனை எடுத்தான். "ஹலோ... ஆமா, ஆல்டோதான். திங்கக்கிழமை விஷயமா... இல்ல இல்ல, வா, கண்டிப்பா வா. ஒரு சின்ன மாத்தம். எங்க அக்காதான் அடுப்புல. நீ அவங்களுக்குக் கீழ... ஆமா, சொன்னேன்தான்... ஆமா, மூக்கு சரியில்லைன்னு நான்தான் சொன்னேன்..." அவன் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. மார்செல்லா கையை நீட்டினாள். ஒரு நிமிடம் தயங்கிவிட்டுக் கொடுத்தான்.

"அந்த மூக்குக்குச் சொந்தக்காரிதான் பேசறேன்," என்றாள். "காலைல ஒம்பது மணிக்கு வந்துடு. சென்ட் போட்டுகிட்டு வராதே."